பட்டரவாக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு

காலை ஆறு மணி வாக்கில் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் மின்சார ரயில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தோளில் ஒரே மாதிரி பை தொங்கும். உள்ளே சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், எத்தனை முறை துவைத்தாலும் எண்ணெய்க் கறை போகாத ஒரு சட்டை. பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம், கொரட்டூர் என்று ஊர்ந்து போய்ப் பட்டரவாக்கத்தில் வண்டி நின்றதும் பெட்டி காலியாகிவிடும். மேம்பாலப் படியில் இறங்குகிற அந்தக் கூட்டம் அப்படியே அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் கரைந்துவிடும். 2001 முதல் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பிட்டராகத் தொடங்கி, லேத் எனும் கடைசல் இயந்திரம் ஓட்டி, கான்ட்ராக்டில் அலைந்து, இப்போது ஒரு நடுத்தரப் பட்டறையில் தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் அக்காள் மகன் இந்த ஆண்டு ஐடிஐ முடித்தான். முடித்த கையோடு அவனுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்ள பஸ், கேன்டீன் சாப்பாடு, கையில் மாதம் 17,000 ரூபாய். மற்றொன்று, அம்பத்தூரில் முப்பது பேர் வேலை செய்கிற ஒரு டூல் ரூமில், அதாவது அச்சுகளும் கருவிகளும் செய்கிற பட்டறையில், தொழில் பழகுகிற அப்ரண்டிஸ். உதவித்தொகை அதில் பாதிதான். “மாமா, எதில் சேரட்டும்?” என்று கேட்டான். பட்டென்று ஒரு பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலில் பாதி பிழை என்று பிறகுதான் புரிந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்குகிறது.

என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் சேர்ந்தது அது, இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியவை. அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்களுக்குத் தன் தகப்பனார் போனதாகத் தாத்தா சொல்வார். அவர் ஒரே வாசலில் உள்ளே போனார், அதே வாசலில் வெளியே வந்து ஓய்வு பெற்றார். மில் 1996இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். “கம்பெனி வேலை” என்று எங்கள் தெருவில் சொன்னால் வயதானவர்கள் மனத்தில் எழுகிற சித்திரம் தாத்தாவுடையதுதான்: சங்கு ஊதும், போவோம், வருவோம், அறுபதுக்குள் ஒரு வீடு. அந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைகளுக்கு வேலை பார்க்கக் கிளம்பினால் கால் இடறும். எனக்கு இடறியது.

அப்பா காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் இருந்தார். அம்மாதான் ஐடிஐ விண்ணப்பத்தை வாங்கி வந்தாள். 1998இல் பிட்டர் பிரிவில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் எங்களுக்குக் கொடுத்தது ஒரு அரமும் 50 மில்லிமீட்டர் சதுர இரும்புத் துண்டும்தான். அதை வைஸில் பிடித்து ராவ வேண்டும். ராவிவிட்டு மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே கோடாக வெளிச்சம் தெரிந்தால் இன்னும் சமமாகவில்லை. மறுபடி ராவு. நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம் என்றே வரும், ஏனென்றால் புதுக்கை அரத்தைத் தள்ளும்போது ஊஞ்சல் மாதிரி ஆட்டும். நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம் வெளிச்சம் தெரியவில்லை. வாத்தியார் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரன் கேட்டான்: “எல்லாவற்றுக்கும் மிஷின் வந்துவிட்டது, இதை எதற்கு ராவ வேண்டும்?” நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது கணினி ஓட்டுகிற சிஎன்சி இயந்திரத்திலிருந்து வருகிற பொருளைக் கையில் எடுத்துத் தடவியதும் இந்த முகத்தில் ஏதோ சரியில்லை என்று விரல் சொல்கிறதே, அது அந்த நாற்பது நாளில் வந்தது.

ஐடிஐக்குப் பிறகு ஒரு வருடம் வடசென்னையில் ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தார்கள், முறையான ஒப்பந்தம் உண்டு, முடிவில் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழும் கிடைத்தது. அந்த ஒரு காகிதம் பின்னால் எனக்கு மூன்று கதவுகளைத் திறந்தது. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுப்பார்கள் என்று வீடே நம்பியிருந்தது. அந்தச் சட்டம் பயிற்சி முடித்தவனுக்கு வேலை தர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால், கடைசி நாளில் அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாசலில் காத்திருந்திருக்க மாட்டாள்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. “ட்ரெய்னி” என்று ஒரு பெயர் வைத்து எடுக்கிறார்கள். அப்ரண்டிஸ் என்றால் அரசின் தளத்தில் பதிவான ஒப்பந்த எண் இருக்கும், என்ன தொழில், எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கும். அது இல்லாமல் வெறும் ட்ரெய்னி என்றால், ஒரு தொழிலாளி செய்கிற வேலையைப் பிஎஃப் இல்லாமல் நீங்கள் செய்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்காக எவரும் துரத்திவிட மாட்டார்கள். துரத்தினால் அதுவே பதில்.

அடுத்துச் சேர்ந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பவர் பிரஸ் வைத்து வாகனங்களுக்கான தகட்டுப் பாகங்களை அடிக்கிற பட்டறை. பிரஸ்ஸை இயக்க இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருந்து டை எனும் அச்சு இறங்கும். கை இரண்டும் வெளியே இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அங்கே இடது பொத்தானின் மேல் ஒரு துண்டுத் தகட்டை வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார்கள். ஒரு கையால் தகட்டை வைக்கலாம், இன்னொரு கையால் அழுத்தலாம், எண்ணிக்கை கூடும். முதல் நாளே கண்ணில் பட்டது. எல்லாரும் அப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்று நானும் ஓட்டினேன். ஆறாவது வாரம் இரவு ஷிப்டில், புளியந்தோப்புப் பையன் ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. சத்தம் கூட அவன் போடவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு 19 வயது. மறுநாள் காலை நாங்கள் வருவதற்குள் அந்தக் கறுப்பு டேப்பைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தார்கள், பொத்தானில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை என்றார்கள். ஈஎஸ்ஐ எனும் அரசுக் காப்பீட்டு அட்டையும் இல்லை.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலைக்குச் சேரும் முன் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். டேப் சுற்றிய பொத்தான், இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த பாதுகாப்புத் தடுப்பு, கையுறை போட்டுக்கொண்டு லேத்தோ டிரில்லோ ஓட்டுகிற ஆள், லேத்தில் பொருளைப் பிடிக்கிற சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டு நகர்கிற ஆள், இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் சம்பளம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். சுழலும் இயந்திரம் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும் என்பது தெரியாத இடத்தில் உங்களுக்கு வேறு எதையும் கற்றுத்தர மாட்டார்கள். ஈஎஸ்ஐ எண்ணை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது சட்டப்படியான உரிமை. நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். சில்லறை என்று தோன்றும். வேலையிடத்தில் அடிபட்டால் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும், ஊனம் நிலைத்துவிட்டால் மாதாமாதம் தொகையும் அதிலிருந்துதான் வரும்.

அங்கிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் நான்கு லேத்துகள் கொண்ட ஒரு சின்னப் பட்டறை. மாதம் 1,800 ரூபாய். அந்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும், திருவொற்றியூர்க்காரர், வெற்றிலை போடாமல் வேலையில் கை வைக்க மாட்டார். மூன்று மாதம் வரை என்னை மைக்ரோமீட்டரைத் தொடவிடவில்லை. சூடு தணிக்கிற கூலண்ட் ஊற்று, சுருளை வாரு, டூல் தீட்டு. பிறகு ஒரு நாள் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் நாற்பது எண்ணம் கொடுத்தார். வரைபடத்தில் 60.00க்கும் 59.98க்கும் நடுவே இருக்க வேண்டும் என்றிருந்தது. அவர் ஊருக்குப் போயிருந்தார். வேகமாகக் கடைந்தேன், கூலண்ட் பம்ப் சரியாக ஓடவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் சக்கிலிருந்து கழற்றியதும் அளந்தேன். எல்லாம் 59.99. நோட்டில் எழுதி, எண்ணெய் தடவி அடுக்கிவிட்டு, மார்பு நிமிர வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து ஒன்றை எடுத்து அளந்தார். 59.97. இன்னொன்று, 59.97. மைக்ரோமீட்டர் கெட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நேற்று கழற்றும்போது கையில் பிடிக்க முடிந்ததா?” என்றார். துணி சுற்றித்தான் பிடித்தேன், அவ்வளவு சூடு. அப்போதுதான் விளங்கியது. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, ஏறக்குறைய 12 மைக்ரான், அதாவது 0.012 மில்லிமீட்டர், விரியும். 60 மில்லிமீட்டரில் 25 டிகிரி கூடினால் 18 மைக்ரான். எனக்குக் கொடுத்திருந்த மொத்த இடமே 20 மைக்ரான்தான். நான் அளந்தது ஷாஃப்டை அல்ல, சூட்டை. நாற்பதும் கழிவு. தேய்ந்த இரும்பை ஒட்ட வைக்க முடியாது. என் சம்பளத்தில் பிடிப்பார் என்று பயந்தேன். பிடிக்கவில்லை. அந்த நாற்பதில் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டு, “இது இங்கேயே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். நான் அங்கே இருந்தவரை அது அங்கேயே இருந்தது, வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் அதைக் காகிதம் பறக்காமல் வைக்கிற கனமாக நினைத்தார்கள்.

1,800 ரூபாய்க்கு அந்தப் பட்டறையில் நான் இருந்ததைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். அவர்கள் பெரிய கம்பெனிகளில் கான்ட்ராக்டாக 3,500 வாங்கினார்கள், சீருடையும் அடையாள அட்டையும் வேறு. எனக்கும் பொறுக்கவில்லை. கல்யாணப் பேச்சு வந்ததும் நானும் கான்ட்ராக்டுக்கு மாறினேன். ஐந்து வருடம், மூன்று கான்ட்ராக்டர்கள், ஒரே வாசல். வருடத்துக்கு ஒரு முறை காகிதத்தில் நம்மை நிறுத்திவிட்டுப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். ஐந்து வருடமும் நான் செய்தது ஒரே வேலை: கன்வேயரில் வருகிற பாகத்தில் நான்கு போல்ட்டுகளை ஏர் கன்னால் முறுக்குவது. அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. வீட்டு வாடகை அதில்தான் போனது. ஆனால் ஐந்தாவது வருட முடிவில் எனக்குத் தெரிந்தது முதல் வருட முதல் வாரத்தில் தெரிந்ததுதான். 2008 கடைசியில் வாகன ஆர்டர் குறைந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் 60 பேரின் அட்டையைக் காவலாளி வாங்கிக்கொண்டார்.

அந்த ஐந்து வருடத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுவல்ல. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்தேன். முதல் முறை வண்டி வாங்க, இரண்டாம் முறை கல்யாணத்துக்கு. சம்பளத்தில் நாம் 12 சதவீதம் கட்டுகிறோம், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார், அவர் கட்டும் அந்த 12இலிருந்து 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்துத் துடைத்து எடுத்தால் அதுவரையுள்ள வருடங்கள் கணக்கிலிருந்தே போய்விடும். என் ஐந்து வருடம் அப்படித்தான் கரைந்தது. 2014க்குப் பிறகு யுஏஎன் என்கிற நிரந்தர பிஎஃப் எண் வந்ததால் இன்றைய பிள்ளைகளுக்கு வழி சுலபம். ஒரே எண், எங்கே மாறினாலும் அதையே கொடுக்க வேண்டும். புதிதாக இன்னொரு எண் போட விடாதீர்கள். மாதம் ஒரு முறை பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் ஏறாமல் இருப்பது எங்கள் பக்கம் அதிசயமில்லை. ஓவர்டைமும் அப்படியே. வாரம் 48 மணிக்கு மேல் பார்க்கிற நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ஒற்றைக் கூலி கொடுத்துவிட்டு ஒரு பிரியாணிப் பொட்டலத்தால் கணக்கை முடிக்கிற இடங்களை எனக்குத் தெரியும். சின்ன நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள்.

வேலை போன பிறகு நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தேன். “எங்கிருந்து வருகிறீர்கள்?” “வியாசர்பாடி.” அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும். சிலர் முகவரியில் பெரம்பூர் என்று எழுதுவார்கள். நானும் இரண்டு முறை எழுதினேன். மூன்றாவது முறை எழுதவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் கேள்வியே கேட்காமல் கையில் வெர்னியரைக் கொடுத்து “அளந்து காட்டு” என்றார்கள். அளந்தேன். கை நடுங்கவில்லை, மேஸ்திரியிடம் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்த கை. சேர்த்துக்கொண்டார்கள். பகலில் வேலை, மாலையில் ஒரு பயிற்சி மையத்தில் சிஎன்சி புரோகிராம். ஜி00 என்றால் வேகமாக நகரு, ஜி01 என்றால் வெட்டிக்கொண்டு நகரு, எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று. 28 வயதில் பதினெட்டு வயதுப் பையன்களோடு உட்கார்ந்து எழுத்து படிக்கிறவன் மாதிரி படித்தேன். லேத்தைக் கையால் ஓட்டிய எனக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டது. லேத்தைத் தொடாமல் நேரே கணினியில் கற்றவர்கள் புரோகிராமை அழகாக எழுதினார்கள், ஆனால் டூல் முனை மழுங்கியதைக் காதால் கேட்க அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது மேசையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறேன், ஆட்களை எடுக்கும்போது என்னையும் உட்கார வைக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் மரை வெட்டுவதற்கு முன் துளை போட எந்த அளவு டிரில் எடுப்பாய் என்று கேட்பேன். 6.8 என்று சொன்னால் நல்லது. “அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன் சார்” என்றால் அதைவிட நல்லது. எட்டு என்று அடித்துச் சொல்கிறவனைத்தான் எடுக்கப் பயமாக இருக்கிறது. எட்டில் துளை போட்டால் மரை பிடிக்க இரும்பே இருக்காது. தன் தவறைத் தானே வந்து சொல்கிறவனா என்பதையும் எப்படியாவது துருவிப் பார்ப்பேன். முதல் பொருள் அளவு தவறி வந்ததைச் சொன்னால் ஒரு துண்டுதான் நட்டம். மறைத்தால் இருநூறு.

2023 டிசம்பர் புயலில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது எங்கள் பட்டறையிலும் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு மோட்டார்களைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, மின்பலகைகளை உலர்த்தி மாட்ட மூன்று வாரம் ஆனது. உற்பத்தி இல்லாத அந்த நாட்களில் பொத்தான் மட்டும் அழுத்தத் தெரிந்தவர்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு இரவும் பகலும் வேலை. நியாயமா என்று கேட்டால், இல்லை. நடந்தது அதுதான்.

பிட்டர், டர்னர் மட்டுமே தொழில் என்று நினைக்க வேண்டாம். மணலி சுத்திகரிப்பு ஆலை மாதிரியான இடங்களுக்கு வேறு படிப்பு. கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டருக்கு ஐடிஐயில் தனிப் பிரிவே உண்டு, எங்கள் பிள்ளைகள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. என்னோடு படித்த திருவொற்றியூர் நண்பன் வெல்டரானான். குழாயை 45 டிகிரி சாய்த்து, நகராமல் நிறுத்தி, சுற்றிலும் பற்றவைத்துக் காட்ட வேண்டிய 6ஜி தேர்வில் தேறினான். பற்று வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், ஊசிமுனைக் குமிழி இருந்தாலும் தெரிந்துவிடும். ஆலைகளைப் பராமரிப்புக்காக நிறுத்துகிற ஷட்டவுன் மாதம் ஒன்றில் அவன் சம்பாதிப்பதை நான் நான்கு மாதத்தில் பார்க்கிறேன். மீதி மாதங்களில் அவன் காத்திருக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. 1955இல் நேரு திறந்து வைத்த ஆலை, முதல் வந்தே பாரத் ரயிலும் 2018இல் அங்கேதான் உருவானது. அங்கே அப்ரண்டிஸ் தேர்வில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் பேசும். ஐடிஐயில் நன்றாகப் படித்தால் போதும் என்று பத்தாம் வகுப்பைக் கோட்டைவிட்டவர்கள் அங்கே வாசலோடு நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அம்பத்தூரில் தனி அரசு மகளிர் ஐடிஐ உண்டு. என் பிரிவில் இருக்கிற ஏழு பேரில் மூவர் பெண்கள், அளவெடுப்பதில் அவர்கள் பொறுமை எனக்கு இல்லை. கழிப்பறை எப்படி, இரவு ஷிப்டுக்கு வண்டி உண்டா என்று சேரும் முன்பே அவர்கள் கேட்ட பிறகுதான் எங்கள் பட்டறையில் இரண்டும் ஒழுங்காயின. அரசு ஐடிஐயில் சேர ஆண்களுக்கு வயது வரம்பு 40, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். நான் இதை 35 வயதில் தெரிந்துகொண்டேன்.

அக்காள் மகனிடம் டூல் ரூம் என்று பட்டென்று சொன்னேன் அல்லவா, மறுநாள் அக்காள் வந்தாள். காபியைத் தொடவில்லை. “மகளிர் குழுக் கடன் வாரம் 1,150. போன வருடம் அவன் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கடன் தனி. உன் அறிவுரைக்கு நீ வட்டி கட்டுவாயா?” என்றாள். எனக்குப் பதில் இல்லை. குறைந்த பணத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது, குறைந்த பணத்தில் சாப்பிட முடிகிற வீட்டுக்குச் சொல்கிற அறிவுரை. நான் 1,800க்கு மேஸ்திரியிடம் இருக்க முடிந்தது அப்பா ஐஸ் பேக்டரியில் இரவிலும் நின்றதால்தான். அதை நான் சௌகரியமாக மறந்திருந்தேன்.

கடைசியில் ஒரகடமே முடிவாயிற்று. பதினெட்டு மாதம் என்று அவனே ஒரு கெடு வைத்திருக்கிறான், கடன் தீர அவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அதற்குள் லைனில் ஒரே இடத்தில் நிற்காமல், மெயின்டனன்ஸ் ஆட்கள் இயந்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவாவது பக்கத்தில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன். டூல் ரூம்காரரிடமும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வரட்டும், பழைய லேத் ஒன்று சும்மா கிடக்கிறது என்றார். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

திங்கட்கிழமை சேர வேண்டும். நேற்று இரவு அவனுடைய காகிதங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது. வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லை. இப்படியே பிஎஃப் பதிவானால் பத்து வருடம் கழித்து அலைய வேண்டும், என் கணக்கில் ஒரு எழுத்தைத் திருத்த நான் எட்டு மாதம் அலைந்தேன். எம்.கே.பி. நகரில் இ-சேவை மையம் பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதரைக்கே போய் வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.